குண்டளை ரயிலின் பாதை போடி வரைக்கும் வந்தது: இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் அவர்களுக்கும், கேரள, தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மூணாறில் அந்தக் காலத்துக் குண்டளை ரயிலை மறுபடி ஓட்டலாம் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்குகிறது. எழும்போதெல்லாம் செய்தியில் வருவது ஏறக்குறைய ஒரே நாலு வரிதான். வெள்ளைக்காரர்கள் தேயிலை கொண்டுபோக ரயில் விட்டார்கள், 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது, இப்போது சுற்றுலாவுக்காகத் திரும்பக் கொண்டுவரப் போகிறோம். நான் போடிநாயக்கனூர்க்காரன். அந்த நாலு வரிக்குள் எங்கள் ஊர் வருவதே இல்லை. மலையடிவாரத்துக் கொட்டகுடி வருவதில்லை. பாதை வெட்டியவர்கள், மாடு ஓட்டியவர்கள், பெட்டி ஏற்றி இறக்கியவர்கள் யாரும் வருவதில்லை. ரயிலை ஓட்டுவதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் அதன் கதையை முழுசாக, இரண்டு மாநிலமும் சேர்ந்து சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கதை 1902-ல் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தது. காப்பி, சின்கோனா என்று பலதையும் போட்டுப் பார்த்தார்கள். 1880 வாக்கில் தேயிலை நடப்பட்டது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானபோது அந்த மலை தேயிலை மலையாகவே ஆகத் தொடங்கியிருந்தது. விளைய வைத்தாயிற்று, எப்படி இறக்குவது என்பதுதான் பெரிய கேள்வியாக நின்றது.

மேற்கே கொச்சி வரை நெடுந்தூரம் காடு. கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும் தூரம் குறைவு. இறங்கினால் கொட்டகுடி, அங்கிருந்து போடி. தோட்ட வேலைக்கு ஆட்கள் ஏறிப்போனதும் இந்தக் கிழக்குப் பக்கத்திலிருந்துதான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்த வருடங்களில் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்கள். குடும்பம் குடும்பமாகப் போடிக்கு வந்து, அங்கிருந்து நடந்தே மலை ஏறினார்கள். மேலே அவர்கள் சாப்பிட அரிசி வேண்டும். அந்த மலையில் நெல் கிடையாது. ஆகவே அரிசியும் போடியிலிருந்துதான் ஏறியது. ஆள் ஏறிய வழி, அரிசி ஏறிய வழி, அதே வழியில் தேயிலை இறங்கியது.

1902-ல் மூணாறிலிருந்து மலை உச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை ஒரு வண்டிப்பாதை வெட்டினார்கள். இன்றைய சாலைக் கணக்கில் முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர். அந்தப் பாதையின் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மோனோ ரயில் என்றதும் மும்பையில் தூண் மேல் ஓடியதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஈவிங் முறை என்ற, மிக எளிமையான ஏற்பாடு. வண்டியின் அடியில் தண்டவாளத்தின் மேல் உருளச் சிறு சக்கரங்கள். வண்டியின் ஒரு பக்கத்தில் கை நீட்டியதுபோல ஒரு சட்டம், அதன் முனையில் பெரிய சக்கரம் ஒன்று. அந்தப் பெரிய சக்கரம் பக்கத்து மண் ரோட்டில் ஓடும். சுமை பூராவும் ஏறக்குறைய தண்டவாளத்தின் மேல்தான் உட்காரும். ரோட்டில் ஓடும் சக்கரத்தின் வேலை வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. இழுத்தவை மாடுகள்.

இந்த ஏற்பாட்டில் இருந்த சாமர்த்தியத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரும்பு மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகவும் குறைவு. மண் பாதையில் ஒரு ஜோடி மாடு இழுக்கும் பாரத்தைப்போலப் பல மடங்கு பாரத்தை அதே ஜோடி தண்டவாளத்தில் இழுத்துவிடும். இரண்டு தண்டவாளம் போட்டால் இரண்டையும் ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில் வைத்திருக்க வேண்டும். மலையில் அதற்கு வெட்டும் செலவும் பராமரிப்புச் செலவும் எகிறும். ஒன்று மட்டும் போட்டால் இரும்பும் பாதி, வளைவுகளில் தொல்லையும் குறைவு. ஏற்கெனவே இருக்கும் ரோட்டின் ஓரத்திலேயே போட்டுக்கொள்ளலாம். இதே ஈவிங் முறையில் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானம் 1907-ல் ஒரு பாதை போட்டது. அதற்கும் ஐந்து வருடம் முன்னால், யானை நடமாடும் குண்டளை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இது ஓடியிருக்கிறது. இந்தியாவின் முதல் மோனோ ரயில் என்று இதைச் சொல்வது அதனால்தான்.

ஆறே வருடத்தில், 1908-ல், ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று எனக்கு ஒரு அனுமானம் உண்டு. பக்கச் சக்கரம் ஓட ரோடு கெட்டியாக இருக்க வேண்டும். மூணாறில் ஆனி, ஆடி, ஆவணி மழையில் மண் ரோடு கெட்டியாக இருக்காது. தேயிலை அளவும் ஏறிக்கொண்டே போயிருக்கும். எப்படியோ, 1908-க்குப் பிறகு அது முறையான சிறு ரயிலாக ஆனது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள். குண்டளை ஆற்றை ஒட்டிப் போனதால் குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார்கள். டாப் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது, அதுதான் கடைசி என்பதுபோல. சரக்கு அங்கே நிற்கவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரை சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு ரோப்வே போட்டிருந்தார்கள். தேயிலைப் பெட்டிகள் அதில் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கின. நடுவில் ஓரிடத்துக்கு இன்றும் சென்ட்ரல் என்று பெயர். கீழே இறங்கிய இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கே பெட்டியை எடுத்து மாட்டு வண்டியில் ஏற்றினால் சுமார் 15 கிலோமீட்டரில் போடி.

அப்போது போடிக்கு ரயில் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மெயின் லைன் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் கிழக்கே அம்மையநாயக்கனூருக்கோ மதுரைக்கோ போக வேண்டும். இன்று கொடைரோடு என்று சொல்கிறோமே, அந்த ஸ்டேஷன்தான் அம்மையநாயக்கனூர். அப்படியானால் ஒரு தேயிலைப் பெட்டி மூணாறில் ரயில் ஏறி, மலை உச்சியில் இறங்கி, ரோப்வேயில் தொங்கி, கொட்டகுடியில் இறங்கி, மாட்டு வண்டியில் போடி வந்து, அங்கிருந்து மறுபடி வண்டியில் நாள்கணக்கில் போய்த்தான் பெரிய ரயிலைப் பார்த்திருக்கும். அதற்கப்புறம் துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. இத்தனை இடத்திலும் அந்தப் பெட்டியை யாரோ கையால் தூக்கி மாற்றியிருக்கிறார்கள். ஒரு பெட்டியாவது நனைந்தால் தேயிலை வீண். மழைக்காலத்தில் அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்பதை மலையில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரயில், ரோப்வே, வண்டிப்பாதை மூன்றும் சேர்ந்துதான் ஒரு பாதை. இதில் எதை எடுத்துவிட்டாலும் மற்றது பயன்படாது. ரோப்வே இல்லாமல் அந்த ரயிலுக்கு வேலையே கிடையாது, உச்சியில் போய் நிற்கும் ரயிலால் யாருக்கு என்ன லாபம்? கொட்டகுடி வண்டிக்காரர்கள் இல்லாமல் ரோப்வேக்கும் வேலை கிடையாது. அன்றைக்கும் இந்தப் பாதை ஒரு எல்லையைத் தாண்டித்தான் போனது. மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம், கீழே சென்னை மாகாணம். இடுக்கி மாவட்டம் உருவானது 1972-ல். தேனி மாவட்டம் உருவானது 1990-களில். உங்கள் இரண்டு அலுவலகங்களும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பாதை இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஓடி முடிந்துவிட்டது.

முடிந்தது 1924 ஜூலையில். மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே இன்றும் சொல்கிறார்கள். அதே ஜூலையில் காவிரியிலும் பெருவெள்ளம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க அப்படி ஒரு மழை, மூன்று வாரம் போல ஓயவில்லை. மூணாறு என்பது முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடும் இடம். மாட்டுப்பட்டிப் பக்கம் சரிந்த மண்ணும் முறிந்த மரமும் ஆற்றை அடைத்துக்கொண்டு ஏரிபோல் தண்ணீர் தேங்கியது, அது உடைந்தபோது மூணாறு டவுன் மூழ்கியது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றை ஒட்டியே போட்ட ரயில் பாதை ஆற்றோடு போயிற்று. தண்டவாளம், பாலம், கரை எல்லாம் போயிற்று. மோனோ ரயிலையும் சேர்த்து மொத்தம் 22 வருட ஆயுசு.

அதைத் திரும்பப் போடவில்லை. கேரளப் பக்கம் மாங்குளம், பூயங்குட்டி வழியாகப் போன பழைய மூணாறு ரோடும் அந்த வெள்ளத்தில் அழிந்தது. அதற்குப் பதிலாக நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புது ரோடு போட்டார்கள். 1935-ல் நேரியமங்கலம் பாலம் திறந்தார்கள். லாரி வந்தது. மூணாறின் முகம் மேற்கே திரும்பிவிட்டது. அப்புறம் குண்டளைப் பள்ளத்தாக்கிலேயே நீர்மின் திட்டத்துக்காகக் குண்டளை அணையும் மாட்டுப்பட்டி அணையும் எழும்பின. ரயில் ஓடிய பள்ளத்தாக்கில் இன்று நாம் படகு ஓட்டுகிறோம்.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொன்னால் மனசு கனக்கிறது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் அழிந்து நாலே வருடம் கழித்து. இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருந்தால், நடுவில் ரோப்வேயும் பதினைந்து கிலோமீட்டர் வண்டிப்பாதையும் மட்டுமே மிச்சம். அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கும் தண்டவாளம் வந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? போடி லைனும் அப்படி ஒன்றும் சொகுசாக வாழ்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தினார்கள். 1950-களில் திரும்ப விட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மறுபடி நிறுத்தினார்கள். 12 வருடத்துக்கும் மேல் காத்திருந்து 2023 ஜூனில்தான் போடிக்கு ரயில் திரும்பி வந்தது. ரயில் இல்லாமல் இருப்பது என்றால் என்ன, வந்த ரயில் போவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். குண்டளை ரயிலைப் பற்றி நாங்கள் பேசும்போது அந்த அக்கறையோடுதான் பேசுகிறோம்.

சரி, இன்று என்ன மிச்சம் இருக்கிறது? மூணாறில் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இருக்கிறது. அலுமினியப் பாலம் என்று ஊரில் சொல்லும் இடம் ரயில் போன இடம். நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதே அருங்காட்சியகத்தில் 1913-ல் நம் நாசரேத் கலைத்தொழில் பள்ளியில் செய்த சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. போகிறவர்கள் அதையும் நின்று பாருங்கள், தென் தமிழ்நாட்டுக் கைவேலை அந்த மலையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது புரியும். டாப் ஸ்டேஷனிலும் கீழே கொட்டகுடிப் பக்கத்திலும் ரோப்வேயின் மிச்சம் மீதி கிடக்கிறது. அவ்வளவுதான்.

பாட்டியாலா மோனோ ரயிலைப் பாருங்கள். அதுவும் 20 வருடம் ஓடி 1927-ல் நின்றுபோனதுதான். ஆனால் பழைய இரும்புக் குவியலில் கிடந்த எஞ்சினை 1960-களில் கண்டெடுத்து, ரயில்வே பட்டறையில் பழுது பார்த்து, டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஈவிங் முறை என்ன என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. அதற்கு முன்னோடியாகத் தெற்கே ஒன்று ஓடியது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வழியே இல்லை. நமக்கு எஞ்சினைத் தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அனேகமாகப் போய்விட்டது. மிச்சம் இருக்கும் தடங்களைக் காப்பாற்றும் வாய்ப்பு இன்னும் போகவில்லை.

அந்த வாய்ப்பும் கைநழுவுவதற்குக் காரணம் எல்லைதான் என்று நினைக்கிறேன். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தேவிகுளம், பீர்மேடு இரண்டும் கேரளத்தோடு போயின. அந்தப் பழைய வழக்கை இங்கே திறக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதற்கப்புறம் இந்தப் பாதையின் மேல் பாதி கேரளத்தின் சுற்றுலாக் கையேட்டுக்கும், கீழ்ப் பாதி தமிழ்நாட்டின் காப்புக்காட்டுக்கும் போய்விட்டது. மேலே வருகிறவர் டாப் ஸ்டேஷனில் காட்சி முனையில் நின்று கீழே பார்க்கிறார், தேனிப் பக்கத்து மலைமடிப்பு தெரிகிறது, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். தான் பார்க்கும் அந்தச் சரிவில்தான் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டு போயின என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. கீழே குரங்கணிக்கு வருகிறவருக்கு மேலே ஒரு ரயில் இருந்தது என்று சொல்ல ஆளில்லை. கொழுக்குமலை நிலம் தேனி மாவட்டம், ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. எங்கள் மலையில் எல்லை இப்படித்தான் பின்னிக்கிடக்கிறது. ஒரு மாவட்டம் தனியாக உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

இப்போது ரயிலை மறுபடி ஓட்டும் யோசனைக்கு வருகிறேன். நான் ரயில் பிரியன். போடிக்கு முதல் அகல ரயில் வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் இந்த மடல் இரண்டு மடங்கு ஆகிவிடும். இருந்தாலும் குண்டளைப் பள்ளத்தாக்கில் புது ரயில் இப்போது வேண்டாம் என்றே சொல்கிறேன். பழைய தடத்தின் பக்கத்தில் இன்று அணைகள் இருக்கின்றன. மாட்டுப்பட்டி, குண்டளைப் பக்கம் யானை கடந்து போகும் இடங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே சீசனில் சாலை தாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மண். 1924-ல் சரிந்த அதே மலை 2018-ல் சரிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் சரிந்து, லயம் என்ற வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. ஆள் ஏறிப்போன அந்தப் பழைய வழியில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நூறு வருடம் கழித்தும் அவர்கள் படுத்திருந்தது வரிசை லயத்தில்தான். அந்த மலையில் செலவழிக்கக் கோடிக்கணக்கில் பணம் இருந்தால், முதலில் சரிவுக்குக் கீழே இருக்கும் லயங்களை மாற்றிக் கட்டுங்கள். பொம்மை ரயிலுக்கு அதற்குப் பிறகு வரலாம்.

நான் கேட்பதற்கு அவ்வளவு பணம் ஆகாது. இரண்டு ஆட்சியர்களும் சேர்ந்து ஒரு சிறு குழு போடுங்கள். தொல்லியல் துறை, வனத்துறை, நில அளவைத் துறை ஆட்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அதில் இருக்கட்டும். மூணாறு நிலையத்தில் ஆரம்பித்துப் போடி வரைக்கும் பழைய தடத்தை அவர்கள் நடந்து பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று அளந்து ஒரே வரைபடமாகப் போடட்டும். எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிற இரண்டு வரைபடமாக வேண்டாம். ரோப்வே அடித்தளங்கள் காட்டுக்குள் கிடக்கின்றன. மழைக்கும் வேருக்கும் அவை தாங்கும் காலம் வரைதான் அவகாசம். கல்லையும் இரும்பையும் பெயர்த்து எடுத்துப் போவதும் நடக்கலாம். அளந்து, படம் எடுத்து, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, பலகைகள். மூணாறு பழைய நிலையம், அலுமினியப் பாலம், மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன், கொட்டகுடி, போடி ரயில் நிலையம் ஆகிய இடங்களில் ஒரே வடிவத்தில் பலகை வையுங்கள். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு பலகையிலும் முழுப் பாதையும் வரைந்திருக்க வேண்டும், நீங்கள் இப்போது நிற்பது இங்கே என்ற புள்ளியோடு. போடி ஸ்டேஷனில் ஒன்று வைப்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி மூணாறுக்குக் கார் பிடிக்கிறவர்கள், தாங்கள் போகப்போவது எந்த வழி என்று அங்கேயே தெரிந்துகொள்ளட்டும். ரயில்வேயிடம் அனுமதி வாங்கித் தருவது தேனி ஆட்சியருக்குப் பெரிய காரியமாக இருக்காது என்று நம்புகிறேன்.

பலகையில் என்ன எழுதுவது என்பதிலும் ஒரு வேண்டுகோள். துரைமார்களின் பெயர்களும் கம்பெனிப் பெயரும் ஆவணத்தில் இருப்பதால் அவை தானாக வந்துவிடும். மாடு ஓட்டியவர்களுக்கும் பாதை வெட்டியவர்களுக்கும் பெயர் இருக்காது. அப்படியானால் அவர்கள் எந்தச் சீமைகளிலிருந்து வந்தார்கள், எந்த வழியாக ஏறினார்கள், கங்காணி முறை எப்படி நடந்தது என்பதையாவது எழுதுங்கள். அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களையும் விட்டுவிடாதீர்கள். தாங்கள் மதுரையிலிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்று சொல்லும் மரபு அவர்களுக்கு உண்டு. இந்தச் சரிவுகளை எல்லோருக்கும் முன்னால் நடந்தே அறிந்தவர்கள் அவர்கள்தான். துரைமார் வருவதற்கு முன்னால் அங்கே வெறும் காடு மட்டும்தான் இருந்தது என்பதுபோல எழுதிவிட வேண்டாம்.

பெயர்களைத் தேட இன்னும் ஒரு வழி இருக்கிறது. 2005-ல் தோட்டத் தொழிலாளர்களும் பங்குதாரர்களாகச் சேர்ந்து உருவானதுதான் இன்றைய கண்ணன் தேவன் கம்பெனி. பழைய செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, ரயில் கணக்கு, படங்கள் ஏதாவது கம்பெனி வசம் இருந்தால் அவற்றை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். அதோடு மூணாறு, போடி, கொட்டகுடி ஊர்களில் வயதானவர்களின் வாய்மொழியையும் பதிவு செய்யுங்கள். ரயிலை நேரில் பார்த்தவர் இனி யாரும் இல்லை. அப்பாவும் தாத்தாவும் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கல்லூரிகளின் தமிழ், மலையாளம், வரலாறு படிக்கும் மாணவர்களை இதில் இறக்கினால் ஒரே கோடை விடுமுறையில் நல்ல தொடக்கம் கிடைத்துவிடும்.

டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் வழியாகக் குரங்கணிக்கு இறங்கும் பழைய நடைபாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வழியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. போடி அரசு மருத்துவமனைக்கு அன்று இரவு ஓடியவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அதனால் வழியைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோடையில் மூடியே வையுங்கள். தீ அபாயம் இல்லாத மாதங்களில், வனத்துறை அனுமதியோடு, முதுவர் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்களை வழிகாட்டியாகக் கூலி கொடுத்து வைத்து, சின்னக் குழுக்களாக மட்டும் கூட்டிப் போக முடியுமா என்று இரண்டு வனத்துறையும் சேர்ந்து யோசிக்கட்டும். மேலே ஒரு துறையும் கீழே ஒரு துறையும் தனித்தனியாக அனுமதி கொடுக்கும் ஏற்பாட்டில்தான் யார் மலையில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போகிற ஆபத்து வருகிறது.

இதற்கெல்லாம் ஒரு கெடுவும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக நீலக்குறிஞ்சி பூத்தது 2018-ல். அடுத்து 2030. அந்த வருடம் டாப் ஸ்டேஷனுக்கும் குறிஞ்சிமலைப் பக்கத்துக்கும் வரப்போகிற கூட்டம் சாதாரணமாக இருக்காது. அதற்கு முன் அளவை, பலகை, வாய்மொழிப் பதிவு இந்த மூன்றும் முடிந்திருக்க வேண்டும். கூட்டம் வந்த பிறகு ஆரம்பித்தால் கடையும் வண்டி நிறுத்தமும்தான் முதலில் முளைக்கும், தடம் அவற்றுக்கு அடியில் போய்விடும்.

முதல் கூட்டத்தை எங்கே வைப்பது என்று நீங்கள் யோசித்தால், இடுக்கி ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பைனாவிலும் வேண்டாம், தேனியிலும் வேண்டாம். கொட்டகுடி ஊராட்சியில் வையுங்கள். ஊர்க்காரர்களையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தேதி சொன்னால் போடியிலிருந்து நாங்கள் வருகிறோம், எங்களிடம் இருக்கும் பழைய படங்களையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
போடிநாயக்கனூர்வாசி ஒருவன்